பேரம் பேசிய சேலை

முதலில் சொன்ன விலைக்குத் தலையாட்டுகிறவனை எங்கள் வீட்டில் உடம்பு சரியில்லாதவனாகத்தான் பார்ப்பார்கள். என் அப்பா, ஆஸ்பத்திரியில் இரண்டு ஊசி போட வேண்டும் என்று சொன்ன நர்ஸிடம், ஒன்றோடு முடித்துக்கொள்ளலாமா என்று கேட்டவர். அந்த வம்சத்தில் வந்த சென்னியப்பனாகிய நான், ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் பதினோரு வருடமாக விற்று வந்தது, எதிர்த்து ஒரு வார்த்தை பேசத் தெரியாத துணி.

கம்பெனிக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் இசைவுத்துணி. சந்தையில் நாங்கள் வைத்த பெயர் சரிங்கத் துணி.

விஷயம் இதுதான். ஒவ்வொரு இழைக்குள்ளும் தலைமயிரைவிட மெல்லியதாக ஒரு புத்தியை வைத்து நெய்திருந்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் அதோடு பேசுகிற ஒரு கதவு. வங்கிக்குள் நுழைந்தால் கதவு, 'வெள்ளை' என்று சொல்லும். துணி, 'சரி' என்று சொல்லும். கண் இமைப்பதற்குள் காரியம் முடிந்து நீங்கள் வெள்ளையாக உள்ளே நிற்பீர்கள். கோர்ட்டில் ஒரு நிறம், கல்லூரியில் ஒரு நிறம். கல்யாண மண்டபத்தில் பெண் வீட்டாருக்கு அரக்கு, மாப்பிள்ளை வீட்டாருக்குப் பச்சை. அழைக்காமல் பந்தியில் உட்கார்ந்தவன் மட்டும் சாம்பலாகவே இருப்பான், பாவம், பாயசம் வருவதற்குள் எழுப்பிவிடுவார்கள். பதில் சொல்லாத பழைய துணியோடு போனால் கதவு திறக்காது. வீட்டுக்குக் கதவு கிடையாதுதான். ஆனால் துணி கடைசியாகக் கேட்ட சொல்லிலேயே நின்றுவிடும். ஆகவே மனிதர்கள் அலுவலக நிறத்திலேயே சாப்பிட்டு, அலுவலக நிறத்திலேயே குழந்தையைக் கொஞ்சினார்கள்.

முதன்முதலில் நான் அதைப் பார்த்தது ஒரு மில் வாசலில். ஷிப்ட் மாறும் நேரம். நாலாயிரம் பேர் ஆற்று வெள்ளம்போல உள்ளே போகிறார்கள். அந்தக் கோட்டைத் தாண்டியதும் வெள்ளமே நிறம் மாறுகிறது. வாயைத் திறந்தபடி அரைமணி நேரம் நின்றேன். அன்றைக்கே மாவட்டத்துக்கு ஏஜென்சி எழுதி வாங்கினேன். அதற்குப் பிறகு என் கடையில் யாரும் எதையும் புரட்டிப் பார்க்கவில்லை. அளவைச் சொல்வார்கள், வாங்கிக்கொண்டு போவார்கள். பேச்சே இல்லை. விற்பனை பெருத்தது, எனக்கும் வயிறு பெருத்தது, வாய் மட்டும் துருப்பிடித்தது.

தமயந்தி அந்தத் துணியைப் பழுது பார்க்கிறவள். என் கடைக்கு எதிரே கம்பெனியின் சர்வீஸ் கவுண்டர். ஊசி மாதிரி ஒரு கருவியை இழையில் குத்தி, அதன் புத்திக்குள் எழுதியிருப்பதைத் திருத்துவாள். முப்பத்து நாலு வயது. வீட்டில் அவளும் ஆறு வயது மகள் யாமினியும் மட்டும். அதிகம் பேசாதவள், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் நேராக என் கல்லாவுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

யாமினிக்கு முகம் பிடிபடாது என்று சொன்னாள். கண்ணில் கோளாறு இல்லை. எறும்பு போனால்கூடப் பார்ப்பாள். ஆனால் எல்லா முகமும் அவளுக்கு ஒரே முகம். கூழாங்கற்களைப் பார்த்து நாம் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்ல முடியாதல்லவா, அப்படி. பிறக்கும்போதே சிலருக்கு இருக்குமாம். அப்படிப்பட்டவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். உடையைப் பார்த்து, இது அக்கா, இது மாமன் என்று ஒரு மாதிரி சமாளித்து வாழ்ந்து முடித்தும் இருக்கிறார்கள். உடை எல்லாம் ஒன்றான பிறகுதான் வினை.

பள்ளிக்கூடத்தில் மாலை நாலு மணிக்குப் பெற்றோர் இருநூறு பேர் முற்றத்தில் ஒரு கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும். கதவு அத்தனை பேரையும் சாம்பல் நீலமாக்கிவிடும். பிள்ளைகள் படியிறங்கி வந்து தாமாகவே தங்களவர்களை அடையாளம் கண்டு கையைப் பிடிக்க வேண்டும். வேற்றாள் பிள்ளையை இழுத்துக்கொண்டு போகக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. கோட்டைத் தாண்டக் கூடாது. பூ, குடை, பை எல்லாவற்றையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

குரல் கொடுத்தால் என்ன என்று கேட்டேன். இருநூறு பேரும் குரல் கொடுத்தால் என்ன ஆகும் என்று திருப்பிக் கேட்டாள். சரிதான், எங்கள் சந்தையே தோற்றுவிடும்.

போன மாதம் யாமினி தவறான கையைப் பிடித்துவிட்டாள். அந்தப் பெண்மணி போனில் பேசிக்கொண்டே இரண்டு பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றியிருக்கிறார். கருங்கல்பாளையம் தாண்டி டிக்கெட் எடுக்கும்போதுதான் ஒன்று அதிகமாக இருப்பது தெரிந்திருக்கிறது. திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டார், நல்லவர். ஆனால் அன்றிலிருந்து யாமினி யார் கையையும் பிடிப்பதில்லை. படியிலேயே உட்கார்ந்துவிடுகிறாள்.

"எத்தனை நேரம் உட்கார்றா?"

"எல்லாரும் போற வரைக்குமுங்கண்ணா. கடைசியா மிச்சம் நிக்கறவ எவளோ அவதான் அம்மான்னு கண்டுபிடிச்சு வெச்சிருக்கறா."

எனக்குச் சிரிப்பு வராத நாட்கள் குறைவு. அன்றைக்கு வரவில்லை.

தலைமையாசிரியை கிரேஸ் சுகந்தி கடிதம் கொடுத்திருந்தார். இந்த மாதக் கடைசிக்குள் குழந்தையைக் கோவையில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் சேர்க்க வேண்டும், பாதுகாப்புக்குத் தன்னால் பொறுப்பேற்க முடியாது என்று. இன்னும் ஒன்பது நாள்.

கிரேஸ் டீச்சரை எனக்குத் தெரியும். கெட்டவர் இல்லை. பல வருடங்களுக்கு முன்னால், தோளில் கிழிந்த சட்டையோடு வந்த ஒரு அப்பாவைப் பார்த்து மற்ற பிள்ளைகள் சிரித்ததில், அந்தப் பையன் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட்டான். அவன் வீட்டுக்கு மூன்று முறை நடந்து போய்க் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். நாலாவது முறை போனபோது வீடே காலி. அதன் பிறகுதான் அந்தக் கதவை வாங்கினார். என்னிடம்தான் வாங்கினார். எந்தப் பிள்ளையும் தன் அப்பனுக்காக வெட்கப்படக் கூடாது என்றார். அதில் என்ன குற்றம் சொல்வது?

"கோவைக்கு அனுப்பினா நல்லாப் பார்த்துக்குவாங்கன்னு சொல்றாங்களே, அம்மிணி," என்றேன், ஒரு பேச்சுக்கு.

"அவளுக்கு ஒரு குறையும் இல்லீங்கண்ணா. நாமதான் எல்லாருமா ஒரே ஆளாயிட்டோம்."

அவள் ஏற்கெனவே ஒரு முயற்சி செய்திருந்தாள். துணியின் புத்திக்குள், கதவுக்குப் பதில் சொல்லும் இடம் ஒன்று இருக்கிறதாம். அதைச் செய்தவர்கள், நோயாளி, கர்ப்பிணி என்று யாருக்காவது தேவைப்பட்டால் துணி மறுபேச்சுப் பேசட்டும் என்று அந்த இடத்தை விட்டு வைத்திருக்கிறார்கள். கதவிலும் அதைக் கேட்டு முடிவெடுக்க ஓர் இடம் உண்டு. விற்பனைக்கு வரும்போது கம்பெனி அதில் 'சரி' என்ற ஒரே சொல்லைப் போட்டு மூடிவிட்டது. தமயந்தி அதைத் திறந்து, 'முடியாது' என்று எழுதிப் பார்த்தாள். சேலை முடியாது என்றது. கதவும் முடியாது என்று மூடிக்கொண்டது. அன்று யாமினி ஆறு மணி வரை படியில் இருந்தாள்.

"எனக்கு ஆமாவும் இல்லையும்தானுங்க எழுதத் தெரியும்," என்றாள். "நடுவுல என்ன பேசறதுன்னு தெரியல. அதான் உங்ககிட்ட வந்தேன்."

பதினோரு வருடத்தில் என்னிடம் யாரும் இவ்வளவு மரியாதையான கேள்வி கேட்டதில்லை. ஆமாவுக்கும் இல்லைக்கும் நடுவில் ஒரு கடைத்தெருவே இருக்கிறது, அம்மிணி, அங்கேதான் நான் பிறந்தேன் என்றேன். ஷட்டரைப் பாதி இறக்கினேன்.

ஆறு நாள் பிடித்தது. சாம்பிள் காட்டுவதற்காக என் கடையிலேயே ஒரு கதவு உண்டு. அவள் சேலையை அதற்கு முன்னால் தொங்கவிட்டு, நான் சொல்லச் சொல்ல இழைக்குள் எழுதினாள். துணியும் கதவும் பேசிக்கொள்வது அவள் கருவியில் எழுத்தாக ஓடும். என்ன வேண்டும் என்பதை முதலில் சொல்லாதே என்றேன். வேண்டாத ஒன்றை, பெரிதாகக் கேள். கதவு சாம்பல் நீலம் என்றால் நீ, உடம்பெல்லாம் தங்கச் சரிகை, அதுவும் மின்ன வேண்டும் என்று சொல். கதவு மறுத்ததும் கோபப்படாதே, குழந்தைகுட்டி சௌக்கியமா என்பதுபோல நாலு வார்த்தை வேறு பேசு. கதவு என்ன நிறத்தை நினைக்கிறது, ஏன் நினைக்கிறது, எவ்வளவு வருடமாக நினைக்கிறது என்று கேள். கேட்பவனுக்குப் பதில் சொல்லத் தொடங்கிவிட்ட கடைக்காரன் பாதி இறங்கிவிட்டான்.

எழுதுவதை நிறுத்திவிட்டு அவள் கேட்டாள், கதவுக்கு என்னங்கண்ணா அவசரம், அது பேசாமல் மூடிக்கொள்ளாதா என்று.

"பேசறவங்க முன்னால அது மூடாது அம்மிணி, முடியாதுன்னு சொன்னாத்தான் மூடும். பின்னால வரிசை நிக்குதில்ல? அவசரம் யாருக்கு? கதவுக்கு. நமக்கென்ன, நாம நின்னு பேசலாம்."

கடைசிப் பாடம் வாயை மூடுவது. எல்லாம் பேசி முடித்த பிறகு சும்மா நிற்க வேண்டும். அதை இழைக்குக் கற்றுக்கொடுக்கத்தான் இரண்டு நாள் ஆனது.

ஆறாம் நாள் மாலை, தொங்கிக்கொண்டிருந்த அந்தச் சேலை பேசாமல் இருந்தது. கதவும் பேசாமல் இருந்தது. சாதாரணமாகக் கண் இமைப்பதற்குள் முடிகிற காரியம். நான் எண்ணினேன், பத்து, இருபது, நாற்பது. சேலையில் சாம்பல் நீலம் மெதுவாக வடிந்து, சாயம் ஏறாத கோராத் துணியாக வெளுத்தது. என் வாழ்க்கையில் எத்தனையோ பேரை யோசிக்க வைத்திருக்கிறேன். கதவு யோசித்து அன்றுதான் பார்த்தேன். பிறகு அது, அதற்குள் வைத்த நாளிலிருந்து ஒருமுறையும் வெளியே வராத ஒரு வாக்கியத்தைச் சொன்னது.

'உடுத்தியவர் விருப்பம்.'

தமயந்தி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

இங்கேதான் நான் ஒரு தப்புச் செய்தேன். மொத்த வியாபாரத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஓர் ஊரிலிருந்து பத்து வியாபாரிகள் சேர்ந்து வந்தால், பேசுகிறவன் ஒருவன்தான். படிந்த விலை பத்துப் பேருக்கும் பொருந்தும். நாங்கள் பேரத்தை முடிக்கும்போது, "கூட வந்தவங்களுக்கும் இதேதான்" என்று சொல்லித்தான் கை கொடுப்போம். சொல்லாவிட்டால் பேரம் முடிந்த மாதிரியே இருக்காது. பழக்கதோஷத்தில் அதையும் எழுதச் சொன்னேன். அவளும் எழுதினாள். யார் கூட வந்தவர் என்று கதவு எப்படிக் கணக்கிடும் என்பதை இருவருமே யோசிக்கவில்லை.

அடுத்த நாள், கதவைச் சோதிக்க வந்ததாகச் சொல்லி, நாலு மணிக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே பள்ளி முற்றத்தில், கோட்டுக்கு இப்புறம் படியோரமாகப் போய் நின்றேன். பக்கத்தில் கிரேஸ் டீச்சர். அவரும் சாம்பல் நீலம்தான். விதி என்றால் விதி, தனக்கும் சேர்த்துத்தான். முற்றத்தில் நூற்றெழுபது பேர் ஒரே நிறமாக நின்றார்கள். தமயந்தி வரிசை நீளட்டும் என்று காத்திருந்து வாசலில் ஏறினாள்.

சேலை பேசத் தொடங்கியது. நமக்கு ஒன்றும் கேட்காது. கதவில் ஒரு விளக்கு விட்டுவிட்டு எரியும், அவ்வளவுதான். அவளுக்குப் பின்னால் முப்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். யாரோ உச்சுக் கொட்டினார்கள். டீச்சர் என்னைப் பார்த்தார், நான் வானத்தைப் பார்த்தேன். விளக்கு நின்றது. சேலை வெளுத்தது. கதவு திறந்தது. தமயந்தி தோளோரமாகக் குனிந்து ஒரு சொல் சொன்னாள். தலைப்பு முதல் கால் வரை பூசணிப்பூ மஞ்சள் பூத்தது.

அப்படி ஒரு மஞ்சளை நான் மறந்தே போயிருந்தேன்.

அடுத்த மூச்சில், முற்றத்திலும் வாசலிலும் நின்ற இருநூறு பேரும் வெளுத்தார்கள். கதவின் கணக்கில், ஒரே வாசலில் வந்தவர்கள் எல்லாம் கூட வந்தவர்கள். என் சட்டை வெளுத்தது. டீச்சரின் சேலை வெளுத்தது. ஒவ்வொருவர் தோளிலும் துணி மெல்லிய குரலில் ஒரே கேள்வியைக் கேட்டது. உங்களுக்கு என்ன நிறம் வேண்டும்?

பெரிய பெரிய முடிவுகளை எடுக்கிற வங்கி மேனேஜர் ஒருவர் தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் தன் கைகளைப் பார்த்தார். ஒருவர் நினைவிலும் ஒரு நிறம் இல்லை. பதினோரு வருடம் அவர்களுக்குச் சரியான அளவில் துணி விற்றது நான்தான். அந்த வெள்ளைக் கூட்டத்தின் நடுவே நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

பிறகு தமயந்திக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெண், பழைய நாளில் துணி எடுக்க வருகிறவர்கள் தவறாமல் சொல்லும் அந்த வாசகத்தைச் சொன்னாள். "இந்தா, இவங்க கட்டியிருக்கற மாதிரி." அவள் மஞ்சளானாள். அவளுக்கு அடுத்தவர், இவங்க மாதிரி என்றார். அடுத்தவர், அடுத்தவர். ஜவுளிக்கடையில் இது தெரியாதவன் கடை வைக்கவே கூடாது. நான் தெரிந்தும் நின்றேன். அரை நிமிடத்தில் முற்றம் முழுக்க விடிகாலைப் பூசணித் தோட்டம்போல ஒரே மஞ்சள். அழகு, தாங்க முடியாத அழகு. அதே நேரத்தில் மணி அடித்தது.

பிள்ளைகள் ஓவென்று இறங்கி ஓடி வந்தார்கள். யாமினி கடைசியாக வந்தாள். படியில் நின்று பார்த்தாள். அம்மா காலையில், இன்றைக்கு நான் மஞ்சளாக இருப்பேன் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். இருநூறு மஞ்சள் நின்றது. குழந்தை அழவில்லை. பாவாடையை ஒதுக்கிவிட்டு உட்காரப் போனாள்.

தமயந்தியின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். கோட்டில் கால் வைத்தாள், வைத்த காலை எடுத்தாள். தாண்டினால் விதியை மீறினாள் என்று நாளைக்கே கோவைதான். கண்ணை மூடிக்கொண்டு தோளில் ஒரு சொல் சொன்னாள். மயில்கழுத்து.

அவள் சேலை மாறியது. ஒரு மூச்சு கழித்து, அவளைப் போல வேண்டும் என்று கேட்டவளின் சேலை மாறியது. இன்னொரு மூச்சு கழித்து அவளைப் பார்த்துக் கேட்டவர்கள். ஒவ்வொரு துணியும் தன் பக்கத்துத் துணியிடமிருந்து வாங்கி அடுத்ததற்குக் கொடுத்தது. கிணற்றில் கல் போட்டதுபோல நீலப்பச்சை வட்டம் வட்டமாக விரிந்து முற்றத்தின் ஓரம் வரை போயிற்று.

யாமினி உட்காரவில்லை.

தமயந்தி அதைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். நாவற்பழம் என்றாள். வட்டம் விரிந்தது. வெங்காயத்தோல் என்றாள். மாந்துளிர். எலுமிச்சை. அரக்கு. ஒரு நிறம் கரை சேர்வதற்குள் அடுத்தது கிளம்பியது. இருநூறு மனிதர்கள் மேல் நிறங்கள் அலை அலையாகப் போய்க்கொண்டிருந்தன. பெரியவர்கள் தங்கள் கைகளைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒரு கிழவர் தன் வேட்டியில் ஊதா வந்து போவதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். என் மேலும் வந்தது. நான் யாரையும் போல வேண்டும் என்று கேட்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். கேட்டிருக்கிறேன் போலிருக்கிறது.

அந்தக் குழந்தை படியிறங்கினாள். ஒரு முகத்தையும் பார்க்கவில்லை. அலை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மட்டும் பார்த்தாள். அரக்கு வந்த திசைக்கு நடந்தாள், அடுத்த நிறம் வரும்வரை நின்றாள், சற்றே வலப்பக்கம் திரும்பினாள், மறுபடி நடந்தாள். ஜனங்கள் விலகி வழிவிட்டார்கள். வட்டங்கள் சின்னதாகிக்கொண்டே வந்தன. எந்த நிறத்துக்கு முன்னால் வேறு நிறம் இல்லையோ அந்த இடத்தில் போய் நின்றாள். கையை நீட்டினாள்.

"நீதான?" என்று கேட்டாள்.

"நாந்தான் கண்ணு."

தமயந்தி பேச்சை நிறுத்தியதும் அலைகளும் நின்றன. கடைசியாகச் சொன்ன நிறம், பூவரசம்பூ என்று நினைக்கிறேன், முற்றம் முழுக்கப் பரவி அமைதியாயிற்று. நான் டீச்சர் பக்கம் திரும்பவே பயந்தேன். என் கதவு, என் துணி, என் வாய்க்கொழுப்பு. ஏஜென்சி போனாலும் போகட்டும், இந்தக் குழந்தைக்காகக் காலில் விழுவது என்று முடிவு செய்துகொண்டு திரும்பினேன்.

அவர் சேலை மட்டும் இன்னும் வெள்ளையாகவே இருந்தது. யாரையும் போல வேண்டும் என்று அவர் சொல்லியிருக்கவில்லை. அவ்வளவு நேரமும் அவர் தோளில் அந்தக் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். தேர்வு எழுதுகிற பிள்ளைபோல உதட்டைக் கடித்து யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு எனக்குக் கேட்காதபடி என்னவோ முணுமுணுத்தார்.

அவருடைய இடது தோளில் வாடாமல்லி நிறத்தில் ஒரு பொட்டு. அது எங்கிருந்தும் வரவில்லை. பக்கத்தில் நின்ற என்னிடமிருந்தும் இல்லை, தமயந்தியிடமிருந்தும் இல்லை. தயங்கித் தயங்கி அது விரிந்து, கொசுவத்தில் இறங்கி, கரையில் போய் நின்றது. ஒரே நிறமான அத்தனை கூட்டத்தில் தனியாக ஒரு வாடாமல்லி.

யாமினி அம்மாவின் கையை விடாமலே திரும்பிப் பார்த்தாள். அவள் யாரையும் யாரென்று கேட்டதே இல்லை என்று தமயந்தி பிறகு சொன்னாள். கேட்டு என்ன செய்ய, அடுத்த வாசலில் எல்லோரும் ஒன்றாகிவிடுவார்களே.

"அம்மா, அது யாரு?"

தமயந்தி வாயைத் திறப்பதற்குள், கிரேஸ் டீச்சர் கோட்டைத் தாண்டி நடந்து போனார். இரண்டு வருடமாகத் தினமும் பார்த்த குழந்தையின் முன்னால் குனிந்து, இன்றைக்குத்தான் பள்ளியில் சேர வந்தவர்போலத் தன் பெயரைச் சொன்னார்.